தோல் இல்லாத பறைக்கு ஆடுகிறார்கள்

"டெக்னோவுக்குச் சாதி கிடையாது" என்று சென்னையிலும் பெங்களூரிலும் ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறது. பாட்டு வரி இல்லை, மொழி இல்லை, சாமி இல்லை, தலைவர் படம் இல்லை. இருட்டில் எல்லோரும் ஒன்று என்கிறார்கள். இந்தப் பக்கம் நம் தோழர்கள் சிலர், "அது மேட்டுக்குடிப் பிள்ளைகளின் கூத்து, அதில் நமக்கு என்ன வேலை?" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முதல் கூட்டத்துக்கு அந்தப் பொய்யால் ஆதாயம் இருக்கிறது. நம் தோழர்களுக்கு அந்த ஒதுக்கலால் ஓர் ஆதாயமும் இல்லை. நம்மைப் போன்ற ஒரு மக்கள் செய்த இசையை, அதைப் பறித்துக்கொண்டவர்களுக்கே எழுதிக்கொடுத்துவிட்டு வருகிறோம். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

யார் வீட்டு இசை?

டெட்ராய்ட் கார் செய்த ஊர். அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்திக் காடுகளில் சாகப் பிடிக்காமல் வடக்கே ஏறி வந்த கறுப்பின மக்களுக்கு அந்தக் கார் ஆலைகளில் வேலை கிடைத்தது. எந்த வேலை? இரும்பு உருக்கும் பட்டறை, வண்ணம் அடிக்கும் கூடம் என்று வெள்ளைத் தொழிலாளி நிற்க விரும்பாத இடங்களில் பெரும்பாலும் அவர்களை நிறுத்தினார்கள். 1967 ஜூலையில் காவல்துறையின் அத்துமீறலுக்கு எதிராக அந்த நகரம் எரிந்தது. 43 பேர் செத்தார்கள். அதற்கு முன்பே தொடங்கியிருந்த வெள்ளையரின் வெளியேற்றம் அதன்பின் வெள்ளமானது. ஆலைகள் மூடப்பட்டன, மூடாத ஆலைகளில் ரோபோக்கள் வந்தன. 1950இல் 18 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1990இல் 10 லட்சத்துச் சொச்சம் ஆனது.

அந்த ஊரின் பிள்ளைகள்தான் டெக்னோவைச் செய்தவர்கள். ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் டெட்ராய்ட்டை ஒட்டிய பெல்வில் என்ற சிற்றூரில் பள்ளித் தோழர்கள். அட்கின்ஸ், வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பிய ரிக் டேவிஸுடன் சேர்ந்து 'சைபோட்ரான்' என்ற பெயரில் 1981இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் மின்னிசையும், ஜார்ஜ் கிளிண்டனின் ஃபங்க்கும், அப்பனின் வேலையைப் பிடுங்கிய இயந்திரத்தின் ஓசையும் அதில் கலந்திருந்தன. 1988இல் இங்கிலாந்தில் வெளியான ஒரு தொகுப்புதான் 'டெக்னோ' என்ற பெயரை உலகத்துக்குக் கொண்டுபோனது. அதில் இருந்தவர்கள் டெட்ராய்ட்டின் கறுப்பினக் கலைஞர்கள்.

அவர்கள் கையில் இருந்த கருவிகளைப் பாருங்கள். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் டிஆர்-808 என்ற தாள இயந்திரத்தைக் கொண்டுவந்தது. நிஜ டிரம்ஸ் மாதிரி ஒலிக்கவில்லை என்று பலர் அதைச் சீந்தவில்லை; சில ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. அடுத்து வந்த 909க்கும், பேஸ் கிதாருக்கு மாற்றாக வந்த டிபி-303க்கும் அதே கதிதான். பழைய சாமான் விலைக்கு இறங்கிய இந்தப் பெட்டிகளைத்தான் டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் கறுப்பினப் பையன்கள் வாங்கிப் போனார்கள். ஊர் ஒதுக்கியதை, ஊர் ஒதுக்கியவர்கள் எடுத்தார்கள். இன்று உலகமெங்கும் இரவு விடுதிகளில் நெஞ்சை அடிக்கும் அடி அங்கிருந்து வந்தது.

சிகாகோவில் அதே காலத்தில் ஹவுஸ் இசை பிறந்தது. 1977இல் தொடங்கிய 'வேர்ஹவுஸ்' என்ற கூடத்தில் ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டு சுழற்றினார். ஆட வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன ஒருபால் ஈர்ப்பினர். வேறெந்த வாசலும் அவர்களுக்குத் திறக்கவில்லை. அதே சிகாகோவில் 1979 ஜூலை 12 அன்று ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள். பல்லாயிரம் பேர் கூடிக் கொண்டாடிய அந்தக் குவியலில், டிஸ்கோவே அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் கிடந்ததாக அன்று மைதானத்தில் ஊழியராக இருந்த வின்ஸ் லாரன்ஸ் பின்னாளில் சொன்னார். அவர் பிறகு ஹவுஸ் இசையின் முன்னோடிகளில் ஒருவரானார். ஓசை பிடிக்கவில்லை என்பவன் காதைப் பொத்திக்கொள்வான். வெடிவைக்கிறவனுக்கு ஆளைப் பிடிக்கவில்லை என்று பொருள்.

பிறகு கதை பெர்லினுக்குப் போனது. சுவர் விழுந்த பிறகு, 1991இல், பழைய பல்பொருள் அங்காடி ஒன்றின் நிலத்தடிப் பெட்டகத்தில் 'டிரெசோர்' திறந்தது. அதன் இசைப் பதிப்பகத்தின் முதல் வெளியீடே டெட்ராய்ட்டின் 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' ஆட்களுடையது. மைக் பேங்க்ஸ், ஜெஃப் மில்ஸ், ராபர்ட் ஹூட் இருந்த குழு அது. முகத்தை மூடிக்கொண்டு மேடையேறினார்கள். பெரிய நிறுவனங்களுக்கு விற்க மறுத்தார்கள். தங்கள் தட்டைத் தாங்களே விநியோகித்தார்கள். அவர்களுடைய 'ஜாகுவார்' இசையை சோனியின் ஜெர்மன் கிளை அனுமதி இல்லாமல் அச்சு அசலாகச் செய்து விற்கப் பார்த்தபோது எதிர்த்து நின்று பின்வாங்க வைத்தார்கள். 2024 மார்ச்சில் ஜெர்மனி, பெர்லின் டெக்னோவைத் தன் நாட்டின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பெர்லின் கொண்டாடட்டும், அது வளர்த்த இசைதான். ஆனால் இன்று நம்மூர் இளைஞனிடம் டெக்னோ எந்த ஊர் என்று கேட்டால் பெர்லின் என்கிறான். பெற்றவள் டெட்ராய்ட், குடும்ப அட்டையில் பெயர் பெர்லினுக்கு.

நமக்கும் அவர்களுக்கும் என்ன உறவு என்று கேட்கிறவர்களுக்கு மூன்று ஆண்டுகளை நினைவூட்டுகிறேன். 1873இல் ஜோதிராவ் புலே 'குலாம்கிரி' நூலை, கறுப்பின அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், ஐ.நா.வுக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவைக் கேட்டு எழுதிய கடிதம் அது. 1972இல் பம்பாய்ச் சேரி இளைஞர்கள் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை எடுத்துத் தலித் பேந்தர்ஸ் ஆனார்கள். இந்த உறவு நேற்று முளைத்ததல்ல. இசையில் மட்டும் நாம் அதை மறந்துவிட்டோம்.

வாசலில் தெரியும் சாதி

சென்ற டிசம்பரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு டெக்னோ இரவுக்குப் போனேன். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவரின் 'லைவ் செட்'. டிஜே என்றால் ஏற்கெனவே பதிவான இசையைக் கோத்துப் போடுகிறவர். லைவ் என்றால் தாளப் பெட்டி, சிந்தசைசர், கட்டுக்கட்டாய் ஒயர் எல்லாவற்றையும் மேடையில் பரப்பி, அங்கேயே அடித்துச் செய்வது. கூட வந்தவன் என் பெரியம்மா மகன், என்னைவிட இளையவன். செங்கல்பட்டுப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு எல்லாவற்றுக்கும் அவன் பெட்டி போகும்.

டிக்கெட் தலைக்கு 1,500 ரூபாய்; முன்பே கட்டியாகிவிட்டது. வாசலில் என்னை ஆங்கிலத்தில் இரண்டு கேள்வி கேட்டுக் கையில் பட்டை கட்டினார்கள். தம்பியை மேலும் கீழும் பார்த்தார்கள். "ஸ்டாக் என்ட்ரி இல்ல ப்ரோ, கப்பிள்ஸ் ஒன்லி." நானும் ஆண்தான், தனி ஆள்தான். எங்களுக்குப் பின்னால் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக நான்கு ஆண்கள் வந்தார்கள், உள்ளே போனார்கள். கேட்டால் 'கெஸ்ட் லிஸ்ட்' என்றார்கள். தம்பி இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் ஷூவும் போட்டிருந்தான். நடுத்தெருப் பையன் கசங்கிய பனியனில் வந்தால் அது ஸ்டைல். காலனிப் பையன் கழுத்துப் பட்டன் வரை போட்டுச் சுத்தமாக வந்தால், 'இந்த மாதிரி ஆள்' என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இருபது நிமிடம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் தம்பி யாருக்கோ போன் செய்தான். அன்றைக்கு ஸ்பீக்கர் லாரியோடு வந்த ஆள் அவனுக்குத் தொழில் பழக்கம். அவர் வந்து, "நம்ம ஆளுதான் சார்" என்று பின்வாசலில் சொன்னதும் விட்டார்கள். 1,500 ரூபாய் டிக்கெட்டுக்குத் திறக்காத வாசல், பெட்டி தூக்குகிற ஆள் என்றதும் திறந்தது. சாதியைக் கேட்கவே இல்லையே என்பீர்கள். கேட்கத் தேவையே இல்லாதபடி வேலை முடிந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

பவுன்சர் தம்பிமீது எனக்குக் கோபமில்லை. அவரும் ஒப்பந்தக்காரரிடம் நாள் கூலிக்கு நிற்கிறவர். விதி எழுதியவர்கள் குளிர்பதன அறையில் இருக்கிறார்கள். கேட்டால் பெண்கள் பாதுகாப்பு என்பார்கள். எந்தப் பெண்ணோடும் வராத நான்கு பேர் கெஸ்ட் லிஸ்டில் போனபோது அந்தப் பாதுகாப்பு எங்கே போனது? பெண் ஒருத்தி புகார் சொன்னால் உடனே கேட்க ஆள் வைப்பதும், தொட்டவன் யாராக இருந்தாலும் வெளியே தள்ளுவதும்தான் பாதுகாப்பு. சட்டையைப் பார்த்து ஆளைப் பிரிப்பதற்கு வேறு பெயர் உண்டு. அந்தப் பெயர் நமக்கு நன்றாகத் தெரியும்.

உள்ளே இசை அருமை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "ரெண்டு பக்கமும் சப் வெச்சிருக்காங்கண்ணே, நடுவுல வந்து நில்லுங்க, அங்கதான் அடி நெஞ்சுல விழும்" என்று தம்பி இழுத்துப்போய் நிறுத்தினான். அரை மணி நேரம் அசையாமல் கேட்டான். பிறகு காதருகே கத்தினான்: "பாட்டே வரலைண்ணே, அடி மட்டும் போயிட்டே இருக்கு. நம்ம சாவுக்கு அடிக்கிற மாதிரிதான். அழுது ஓய்ற வரைக்கும் விட மாட்டாங்கல்ல, அந்த மாதிரி." டெக்னோ பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

தண்ணீர் வாங்குமிடத்தில் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். "இங்க காஸ்ட், ரிலிஜன் எதுவுமே இல்ல ப்ரோ, வைப் மட்டும்தான்." அடுத்த கேள்வி, "உங்க நேட்டிவ் எது?" ஊரைச் சொன்னேன். "அங்க எந்த ஏரியா?" ஏரியாவைச் சொன்னேன். சிரித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வைப் முடிந்தது.

கழிவறை வாசலில் சீருடையில் ஒரு அக்கா நின்றிருந்தார். தரையைத் துடைப்பதும், உடைந்த கிளாஸ் பொறுக்குவதும், வாந்தி எடுத்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பதும் அவர் வேலை. உள்ளே கவுண்டரில் காதடைப்பான் விற்றார்கள். மேடையில் இருந்தவரும் காதுக்குள் ஏதோ வைத்திருந்தார். அக்காவின் இரண்டு காதிலும் பஞ்சு. "வீட்ல இருந்து எடுத்தாந்தேன் சார்" என்றார். இருட்டில் எல்லோரும் ஒன்று என்றார்களே, அந்தக் கணக்கில் அக்கா உண்டா?

சுவர் உள்ளவனுக்கு மட்டும் இசை

ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள், 2000 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மூடிய அரங்கங்களுக்கு விலக்கு உண்டு. திருவிழா நாட்களில் நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு அனுமதிக்கலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் கூடாது. நோயாளியும் படிக்கிற பிள்ளையும் தூங்க வேண்டும், சரி. விதியை நான் குறை சொல்லவில்லை. அது யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். மண்டபமும் சுவரும் குளிர்பதனமும் வைத்திருப்பவன் விலக்குக்குள் போய்விடுகிறான். தெருவைத் தவிர வேறு அரங்கம் இல்லாத மக்களின் திருவிழாவில்தான் 10 மணிக்கு ஜீப் வந்து நிற்கிறது. என் தம்பியின் ஆம்ப்ளிஃபயரைக் காவல் நிலையத்துக்குத் தூக்கிப்போய், திரும்ப வாங்க அவனை நாட்கணக்கில் அலையவிட்டிருக்கிறார்கள். கடற்கரைச் சாலையின் கண்ணாடிக் கதவுக்குள் அந்த ஜீப்பைக் காணோம்.

இங்கிலாந்திலும் இதுதான் நடந்தது. 1994இல் கொண்டுவந்த குற்றவியல் நீதிச் சட்டம், திறந்தவெளியில் இரவில் கூடி ஆடுவதைக் கலைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் கொடுத்தது. எந்த இசை என்று விளக்க, திரும்பத் திரும்ப விழும் தாள அடிகள் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். உரிமம் வாங்கிய கிளப்புக்குள் அதே அடி வியாபாரம் ஆனது; வயல்வெளியில் இலவசமாக அடித்தால் குற்றம் ஆனது.

நம் நாட்டில் சட்டம் வருவதற்கு முன்பே கம்பு வந்துவிடும். ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் குஜராத்திலும் தலித் மாப்பிள்ளை குதிரை ஏறினார், டிஜே வண்டி வைத்து ஊர்வலம் போனார் என்பதற்காகக் கல்லெறிந்த செய்திகள் கல்யாண சீசன்தோறும் வருகின்றன. மராட்டியத்தில் ஏப்ரல் 14 அன்று பீம் பாடல்களை டிஜே அடியில் போட்டுத் தெருவை நிறைக்கிற இளைஞர்களை 'ஒலி மாசு' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்களில் எத்தனை பேர் கோவா கடற்கரையில் விடிய விடிய ஆடிவிட்டு வந்தவர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

தோல்தான் பிரச்சினை

பறை மாட்டுத்தோலால் ஆனது. மரச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டி, நெருப்பில் காட்டிப் பதம் ஏற்றி, அடிக்குச்சியும் சுண்டுக்குச்சியும் கொண்டு அடிக்கிறோம். லைவ் செட்காரர் குமிழைத் திருகி ஒலியின் பதத்தை மாற்றுவதுபோல நம் ஆள் அடிக்கடி தீயிடம் போய்வருகிறார். அவருக்குக் கைத்தட்டல்; இவருக்குத் தீட்டு.

மிருதங்கத்திலும் மாட்டுத்தோல்தான் இருக்கிறது. அதைச் செய்யும் தலித் கைவினைஞர்களின் வரலாற்றை டி.எம்.கிருஷ்ணா நூலாக எழுதியபோது, 2020 ஜனவரியில், வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. தோல் மேடையில் இருக்கலாம். தோலை உரித்துப் பதப்படுத்தியவரின் பெயர் மேடையேறக் கூடாது. இதுதான் இந்த நாட்டின் இசை இலக்கணம்.

தாளப் பெட்டியில் தோல் இல்லை, மாடு இல்லை, அதை உரித்தவர் இல்லை. அடிக்கிற கையும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் ஆதிக்கச் சாதிப் பிள்ளைகளுக்கு அது இவ்வளவு வசதியாக இருக்கிறது. பறையடித்துப் பிணத்தின் முன்னால் ஆடுகிறவனை 'லோக்கல்' என்று சொன்ன அதே உடம்பு, நிமிடத்துக்கு 130 அடி விழுந்தால் கண்ணை மூடி ஆடுகிறது. இவர்களுக்கு அடியின்மீது எந்தக் காலத்திலும் வெறுப்பு இல்லை. அடிக்கிற கைமீதுதான் வெறுப்பு. பெட்டிக்குப் பின்னால் இருந்த கறுப்புக் கையையும் பெர்லின் திரை போட்டு மறைத்துவிட்டதால், சுத்தமான அடி கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு வகைப் பெருமைக்காரர்களும் இருக்கிறார்கள். "டெக்னோவெல்லாம் நம்ம ராகத்திலிருந்து வந்ததுதான்" என்று சரண்ஜித் சிங்கைக் காட்டுவார்கள். பம்பாய்த் திரையிசையில் வாசித்த அந்தக் கலைஞர் 1982இல் 303, 808 பெட்டிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். வியப்பான வேலை அது. அன்று இந்தப் பெருமைக்காரர்கள் யாரும் வாங்கவில்லை. 2010இல் நெதர்லாந்தில் மறுபதிப்பாகி ஐரோப்பா கைத்தட்டிய பிறகுதான் இவர்களுக்குக் காது கேட்டது. அவருக்குரிய மரியாதையைக் கொடுங்கள்; அவரை வைத்து டெட்ராய்ட்டின் பெயரை அழிக்காதீர்கள்.

நம் தோழர்களுக்கு

"பறை இருக்கிறது, கானா இருக்கிறது, இந்தப் பெட்டி எதற்கு?" என்ற கேள்வி நல்லெண்ணத்தில் வருவதுதான். ஆனால் அதன் உள்ளே ஒரு பழைய கட்டளை ஒளிந்திருக்கிறது: உன் குலத்துக்குரிய கருவியை மட்டும் தொடு. மனு சொன்னதை நாம் பண்பாட்டுப் பெருமை என்ற பெயரில் நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டாம். பறை நம் கருவி; அது போராடி மீட்ட கருவி. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்து உதை வாங்கியவர்களும், விரும்பி மேடையில் அடித்து நிமிர்ந்தவர்களும் சேர்ந்து மீட்டது. அந்த உரிமைக்குள் பறையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தொடும் உரிமையும் அடக்கம்.

2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் மேடையேறியபோது இதைத்தான் செய்து காட்டியது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு, கானாவையும் ராப்பையும் ராக்கையும் பறையையும் ஒரே மேடையில் நிறுத்தியது. யாருடைய அனுமதியையும் கேட்கவில்லை.

போதை என்பார்கள் அடுத்து. டிஸ்கோவையும் இதையே சொன்னார்கள், கானாவையும் இதையே சொல்கிறார்கள். போதை தப்பு என்றால் எல்லா இடத்திலும் தப்பு. பணக்காரன் பிடிபட்டால் மருத்துவமனை, நம் பிள்ளை பிடிபட்டால் சிறை என்ற கணக்கைப் பேசுவோம். அதற்காக ஓர் இசையையே குற்றவாளி ஆக்க வேண்டாம்.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். டிக்கெட் விற்கும்போதே உள்ளே விடும் விதி என்ன என்று எழுதிக் காட்டட்டும். அதில் சட்டை, செருப்பு, முகம், ஆங்கிலம் எதுவும் இருக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுத்து, பணத்தை அங்கேயே திருப்பித் தரட்டும். பெட்டி ஏற்றி இறக்குகிறவர், கழிவறை துடைப்பவர், வாசலில் நிற்பவர் எல்லோருக்கும் இரவு வேலைக்குரிய கூலியும், வீடு திரும்ப வண்டியும், காதுக்கு அடைப்பானும் நிகழ்ச்சி நடத்துகிறவரின் பொறுப்பு. ஒரு கிளாஸ் மதுவின் விலைகூட ஆகாது அந்த அடைப்பான். டெக்னோ பற்றி மேடையில் பேசும்போது பெர்லினுக்கு முன்னால் டெட்ராய்ட்டைச் சொல்லுங்கள்.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. ஒரு தாளப் பெட்டி இன்று பழைய கைப்பேசிக்குள்ளேயே கிடைக்கிறது. சவுண்ட் சர்வீஸ் தெரிந்த பையன்கள் எல்லாக் காலனியிலும் இருக்கிறார்கள். எந்தப் பொறியியல் கல்லூரியிலும் படிக்காமல், எந்த இடத்தில் நின்றால் அடி நெஞ்சில் விழும் என்று சொல்லத் தெரிந்தவர்கள். படிப்பகத்தில் ஓர் அறையும், ஏப்ரல் 14 அன்று ஒரு மேடையும், இரண்டு பெட்டியும் போதும். பறையை மின்னிசையோடு மோதவிட்டுப் பார்க்கட்டும். 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' செய்ததுபோலத் தங்கள் இசையைத் தாங்களே பதிவுசெய்து, தங்கள் பெயரிலேயே வெளியிடட்டும். பெயர் முக்கியம். பெயரை விட்டதால்தான் டெட்ராய்ட் வரலாற்றில் பின்வாசலில் நிற்கிறது.

அப்படி ஒரு மேடை போடும்போது வாசலில் ஆள் நிறுத்தாதீர்கள். "எந்த ஏரியா?" என்ற கேள்வியை அங்கே யாரும் கேட்க வேண்டாம். அக்காக்கள் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு நடுவில் வந்து நிற்கட்டும். அங்கேதான் அடி நெஞ்சில் விழும்.